அவ்வை சண்முகிக்கு ஒரு தாத்தா உண்டு: சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

2019 ஜூன் மாசம் தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தல் நடந்தப்போ டிவி, வாட்ஸ்அப் எல்லாத்திலயும் ரெண்டு பேர் ஓடிக்கிட்டே இருந்தது. ஒண்ணு பாண்டவர் அணி. இன்னொண்ணு சுவாமி சங்கரதாஸ் அணி. பாண்டவர் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். சங்கரதாஸ் யாருன்னு நம்ம வயசுப் பசங்கள்ல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? ஏதோ சாமியார் பேர்னு நினைச்சுக் கடந்து போயிருப்போம்.

ஆனா அவரை நமக்கு ஏற்கெனவே ஒரு சுத்து வழியில தெரியும். கமல் புடவை கட்டி மாமியா வருவாரே, 'அவ்வை சண்முகி' (1996), அந்தப் படத்தோட பேர் சும்மா வந்ததில்லை. நாடக மேடையில ஔவையாராக நடித்துப் பேர் வாங்கின டி.கே.சண்முகத்தை ஊரே 'ஔவை சண்முகம்' என்று கூப்பிட்டது. அவர் குழுவில் சின்ன வயசுல நடித்தவர் கமல். அந்த சண்முகத்துக்கு ஆறு வயசுல மேடைப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். ஆக, மாமி வேஷத்துக்கு ஒரு தாத்தா உண்டு.

இந்தக் கட்டுரை அந்தத் தாத்தாவைப் பற்றி. கூடவே ஒரு விஷயமும்: ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்ல காதல் நகைச்சுவை நாடகம் எந்த விதிகளை வைத்து ஓடியதோ, கிட்டத்தட்ட அதே விதிகளை வைத்து இவர் தமிழ்நாட்டு மேடையைக் கட்டினார். அந்த ஒற்றுமையைப் பார்க்கும்போது ஆச்சரியமா இருக்கு.

உப்புக் கணக்கர்

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. தாமோதரன், பேச்சியம்மாள் தம்பதிக்குப் பிறந்த பையனுக்கு சங்கரன் என்று பேர். அப்பா ராமாயணம் சொல்லுகிற புலவர். முதல் பாடம் வீட்டிலேயே. அப்புறம் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். வெண்பா, கலித்துறை என்று எந்தப் பாவகை கேட்டாலும் கட்டிக் கொடுக்கும் பயிற்சி அங்கே வந்தது.

படிச்சு முடிச்சதும் என்ன வேலை கிடைத்தது? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிற வேலை. கோர் சப்ஜெக்ட் ஒண்ணு, வேலை வேற ஒண்ணு என்பது நம்ம தலைமுறையின் கண்டுபிடிப்பு இல்லை.

1891-ல், 24 வயசுல, அந்த வேலையை விட்டுட்டு ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அன்றைக்கு அது சாதாரண முடிவு இல்லை. கூத்தாடி என்றால் வீட்டுத் திண்ணையில்கூட உட்கார வைக்க மாட்டார்கள். அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே வக்கீல்களும் படித்தவர்களும் பொழுதுபோக்காக நடித்தார்கள். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சங்கரன் சேர்ந்தது, ராத்திரி டிக்கெட் வித்தால்தான் மறுநாள் சாப்பாடு என்கிற உலகம்.

பயமுறுத்தின நடிகர்

அவருக்குக் கிடைத்த வேஷங்கள் இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். கம்பீரமான உடம்பு, இடி மாதிரி குரல். நல்லா நடித்தார். ரொம்ப நல்லா நடித்ததுதான் பிரச்சினை.

அவர் மாணவர்கள் வழியாக ரெண்டு சம்பவம் சொல்லப்படுகிறது. நளதமயந்தியில் சனீஸ்வரன் வேஷம் போட்ட ராத்திரி, விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ ஒரு குளத்துக்குப் போயிருக்கிறார். அங்கே வந்த ஒரு பெண் அந்த உருவத்தைப் பார்த்து அலறி விழுந்து, உயிரே போய்விட்டது. இன்னொரு முறை, சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்தப்போ பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது. இதுக்கு அப்புறம் அந்த மாதிரி வேஷம் போடுவதையே அவர் நிறுத்திக்கொண்டார். எழுதுகிறவராகவும் சொல்லிக்கொடுக்கிறவராகவும் மாறினார்.

நடுவில் துறவு மாதிரி ஒரு காலம். காவி கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றினார். 'சுவாமிகள்' என்ற பட்டம் அப்படித்தான் ஒட்டியது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிடித்து நிறுத்தி, பிள்ளை மாதிரி வீட்டில் வைத்துக்கொண்டார். தாளமும் லயமும் அங்கே அவருக்குள் இறங்கியது. இலக்கணம் தெரிந்த புலவர், மேடை தெரிந்த நடிகர், லயம் தெரிந்த பாட்டுக்காரர் என மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தது. அதுக்கு அப்புறம் வந்ததுதான் நாம் இன்றைக்கும் பார்க்கிற நாடகங்கள்.

பார்ட் என்கிற சட்டகம்

அந்த மேடையின் மொழியைக் கொஞ்சம் பார்ப்போம். கதாநாயகன் ராஜபார்ட். கதாநாயகி ஸ்திரீபார்ட். திருடன், சூழ்ச்சிக்காரன் மாதிரி வேஷம் கள்ளபார்ட். சிரிக்க வைக்கிறவர் பபூன். நடிகரின் பேருக்கு முன்னாடி பார்ட் ஒட்டிக்கொள்ளும். சிவாஜி நடித்த 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) நினைவிருக்கலாம். ஒரு தடவை ராஜபார்ட் ஆனால் பெரும்பாலும் வாழ்க்கை பூரா ராஜபார்ட்தான்.

இதே ஏற்பாடு 16-ம் நூற்றாண்டு இத்தாலியில் இருந்தது. கொம்மேதியா தெல்லார்த்தே என்று பேர். பேராசை பிடித்த கிழவன் பந்தலோனே, பசியோடு திரியும் வேலைக்காரன் ஆர்லெக்கினோ, உருகி உருகிப் பேசும் காதல் ஜோடி, வாய்ச்சவடால் விடும் சிப்பாய். யார் நடித்தாலும் பாத்திரங்கள் இவைதான். கதைச் சுருக்கம் மட்டும் முன்கூட்டியே இருக்கும், பேச்சு மேடையில் பிறக்கும். அந்த வகைமாதிரிகள்தான் ஐரோப்பா முழுக்கப் பரவி, ஷேக்ஸ்பியர் நகைச்சுவைகளிலும் தலை காட்டுகின்றன.

காதல் நகைச்சுவையின் சூத்திரம் என்ன? இளம் ஜோடி ஒன்று. நடுவில் தடையாக அப்பாவோ அண்ணனோ பணக்காரக் கிழவனோ. தந்திரம் செய்கிற ஒரு துணை ஆள். மாறுவேஷம். ஊரை விட்டு வெளியே ஒரு காடு, அங்கே ஊர்ச் சட்டம் செல்லாது. நடுநடுவே கோமாளி. கடைசியில் கல்யாணம்.

இப்போ சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எடுத்துக்கோங்க. இளம் ஜோடி: வள்ளி, முருகன். தடை: நம்பிராஜனும் வள்ளியின் அண்ணன்களும். தந்திரக்காரர்: நாரதர். காடு: தினைப்புனம். மாறுவேஷம்: முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், தள்ளாடும் கிழவனாகத் தினைமாவு கேட்கிறான், கடைசியில் அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து உதவுகிறார். கோமாளி: பபூன். முடிவு தலைப்பிலேயே இருக்கு. 'அஸ் யூ லைக் இட்'டின் ஆர்டன் காட்டையும் தினைப்புனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

காப்பி அடித்தாரா? இல்லை. முருகன்-வள்ளி கதை கந்தபுராணத்திலேயே இருக்கு. அதுக்கும் முந்தி ஊர் வாயில் இருக்கு. ஆனா ஷேக்ஸ்பியர் கதைகளும் சுவாமிகளுக்குப் புதுசு இல்லை. 'சிம்பலைன்', 'ரோமியோ ஜூலியட்' ரெண்டையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். சிம்பலைனில் இமோஜன் என்ற இளவரசி ஆண் வேஷத்தில் காட்டில் சுற்றுவாள். அல்லி, பவளக்கொடி என்று ஆளுகிற பெண்களைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கூட்டத்துக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

இன்னொரு உதாரணம் 'அபிமன்யு சுந்தரி'. அபிமன்யுவின் முறைப்பெண் சுந்தரியை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். கடோற்கஜன் வந்து மாயவேலை செய்து காதலர்களைச் சேர்த்து வைக்கிறான். 'மாயாபஜார்' பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் வேர் புரியும். இந்த நாடகத்தை சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதினார் என்று டி.கே.சண்முகம் பதிவு பண்ணியிருக்கிறார். ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் விடியும்போது பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தோடு எழுந்தார், ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. நம்ம ரெக்கார்ட் நோட் எழுதுகிற ராத்திரிகளோடு ஒப்பிட வேண்டாம்.

தர்க்கத்தில் ஜெயிக்கும் பெண்

வள்ளி திருமணத்தின் உயிர் தர்க்கம்தான். வேடன் கேட்க வள்ளி பதில் சொல்ல, பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு, மணிக்கணக்காகப் போகும். ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்'கில் பியாட்ரிஸும் பெனடிக்கும் வாயாடிக்கொண்டே காதலில் விழுவார்கள் இல்லையா, அதே வகை. மேடையில் ஸ்திரீபார்ட் கெட்டிக்காரராக இருந்தால் ராஜபார்ட்டைத் திணறடித்துவிடுவார். கூட்டம் அதுக்குத்தான் வரும்.

ஆனா ஒரு விஷயம் உறுத்தத்தான் செய்கிறது. ராத்திரி முழுக்க வாதத்தில் தோற்காத வள்ளி, கடைசியில் யானைக்குப் பயந்துதான் சம்மதிக்கிறாள். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணின் பின்னாலேயே வேஷம் மாத்தி மாத்திச் சுத்துவது, பயமுறுத்தி ஒத்துக்க வைப்பது. இதை இன்றைக்கு நம்ம கேம்பஸ்ல ஒருத்தன் செய்தால் அதுக்குப் பேர் வேற. தமிழ் சினிமா ஹீரோக்கள் பல பேர் இந்தப் பாதையில்தான் நடந்தார்கள். சுவாமிகள் பழங்கதையை எழுதினார், பக்தியோடு எழுதினார், வள்ளிக்கு நிறையப் பேச்சும் கொடுத்தார். ஆனா முடிவை மாத்தவில்லை. ஷேக்ஸ்பியரின் ரோசலிண்ட் ஆண் வேஷத்தில் நின்று காதலனுக்கே பாடம் எடுக்கிறாள். அங்கே வேஷம் பெண் கையில், இங்கே வேஷம் ஆண் கையில். ரெண்டு மேடைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான்.

பாய்ஸ் கம்பெனி

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் பொதுமேடையில் பெண்கள் நடிக்க முடியாது. ரோசலிண்ட், வயோலா எல்லாம் குரல் உடையாத பையன்கள்தான். பையன், பெண்ணாக நடித்து, அந்தப் பெண் பையனாக வேஷம் போட்டு, கூட்டத்தைக் குழப்பிச் சிரிக்க வைப்பது அந்த நாடகங்களின் பாதி சுவாரசியம். முழுக்கச் சிறுவர்களே நடிக்கும் குழுக்களும் இருந்தன.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் வேற. பெண்கள் மேடையில் இருந்தார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தினார், ஆண் வேஷமும் பெண்களே போட்டார்கள். சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் போனதுக்குக் காரணம் வேற. பெரிய நடிகர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேச மாட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுவதற்காகக் கதையை விட்டு எங்கேயோ போவார்கள். குடித்துவிட்டு வருவார்கள். ஒழுங்கு வேணும்னா களிமண் மாதிரி இருக்கிற வயசிலேயே பிடிக்கணும் என்று முடிவு பண்ணினார்.

1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை. அங்கே சிறுவனாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் எஸ்.ஜி.கிட்டப்பா. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. ஸ்திரீபார்ட் நடிகராக இருந்த கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவர்கள்தான் பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள்.

சுவாமிகள் வைத்த ஒழுங்கு கடுமையானது. எழுதினபடி பேசணும், சுருதி விலகக் கூடாது, உச்சரிப்பு தப்பக் கூடாது. அவர் இருமினாலே பையன்கள் அடங்குவார்கள். அதே கையால் ஒவ்வொரு பையனின் குரலுக்கும் ஏற்ற மாதிரி பாட்டு எழுதியும் கொடுத்தார். படிக்கத் தெரியாமல் வந்தவர்கள் அவரிடம் தமிழ் இலக்கியமே கற்றார்கள்.

இதில் நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத பக்கமும் உண்டு. பாய்ஸ் கம்பெனி முறை பின்னால் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா, என்.எஸ்.கிருஷ்ணன், சிவாஜி என ஒரு தலைமுறையே இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தது. அதே சமயம், வீட்டுப் பசிக்காக அனுப்பப்பட்ட குழந்தைகள், விடிய விடிய நாடகம், அடி, பள்ளிக்கூடமே இல்லாத வாழ்க்கை. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்று வரை நட்சத்திரமாக இருந்த பையன் இன்றைக்கு வேண்டாதவன். லண்டனிலும் இதே கதைதான். 1601-ல் ஒரு அப்பா, பள்ளிக்கூடம் போன தன் மகனை நாடகக் குழுவுக்காகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று புகார் கொடுத்தது பதிவாகியிருக்கு. நம்மைச் சிரிக்க வைத்த காதல் நாடகங்களுக்குப் பின்னால் தூக்கம் கெட்ட குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்கணும்.

ஒத்திகை இல்லாத நாடகம்

சுவாமிகள் எழுதின நாடகங்கள் நாற்பதுக்கு மேல். சத்தியவான் சாவித்திரி, கோவலன், பவளக்கொடி, நல்லதங்காள், லவகுசா, பிரகலாதன், சதி சுலோசனா என்று பட்டியல் நீளும். எம்.கே.தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கு வந்ததே 'பவளக்கொடி' (1934) மூலமாகத்தான்.

இதைவிடப் பெரிய சாதனை, இந்த நாடகங்கள் எல்லாருக்கும் பொதுப் பாடமானது. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் இன்றைக்கும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தைக் கவனிங்க. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து சேருகிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு நாடகம், விடியும் வரை ஓடும். எப்படி முடியுது? எல்லாருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் தெரியும். நம்ம பாஷையில் சொன்னால் அது ஒரு புரோட்டோகால். எந்தக் கம்பெனி ரவுட்டராக இருந்தாலும் டிசிபி/ஐபி பேசினால் இணைந்துவிடும் இல்லையா, அதே மாதிரி. வரையறுத்த பகுதி சுவாமிகளுடையது. அதுக்குள்ளே தர்க்கத்துக்கும் பபூன் அடிக்கும் அன்றாட நக்கலுக்கும் இடம் திறந்தே இருக்கு.

அந்தத் திறந்த இடத்தில் அரசியலும் புகுந்தது. வள்ளி பறவை விரட்டுகிற ஆலோலக் காட்சியை வைத்து விடுதலைப் போராட்டப் பாட்டு பாடினார்கள். தியாகி விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தில் நின்று வெள்ளைக்காரனைப் பாட்டால் விரட்டினவர். பல முறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார்.

நிஜக் காதலும் புகுந்தது. இலங்கையில் வள்ளி திருமணம் நடித்த கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் வாழ்க்கையிலும் ஜோடி ஆனார்கள். 1933-ல் கிட்டப்பா 27 வயசுலேயே போய்விட்டார். அப்புறம் சுந்தராம்பாள் கடைசி வரை வெள்ளைப் புடவைதான். மேடை நாடகம் கல்யாணத்தில் முடியும். வாழ்க்கை அதுக்கு அப்புறமும் நடந்துகொண்டே இருக்கும் என்பதுக்கு இவர்கள் கதை சாட்சி.

பேச்சு போன புலவர்

இத்தனை கல்யாண நாடகம் எழுதின சுவாமிகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கம்பெனிப் பையன்கள்தான் குடும்பம். சொத்து எதுவும் சேர்க்கவில்லை. பணத்தைவிட நாடகம் நடக்கணும் என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

1921-ல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் போய்விட்டது. நூற்றுக்கணக்கான வேஷங்களுக்குப் பேச்சு எழுதினவர், தனக்காக ஒரு வார்த்தை பேச முடியாமல் கிடந்தார். கம்பெனி ஊர் ஊராகப் போகும்போது அவரையும் கூட அழைத்துக்கொண்டே போனார்கள். 1922 நவம்பர் 13 ராத்திரி, புதுச்சேரியில், அவர் உயிர் பிரிந்தது. வயசு 55. பத்து வயசு சண்முகமும் மற்ற பையன்களும் கூட இருந்தார்கள்.

அவருடைய சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கு. புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பேர்தான். மதுரை நாடக நடிகர்கள் வருஷா வருஷம் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள். சண்முகம் தன் வாத்தியாரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். 'எனது நாடக வாழ்க்கை' என்ற தன்வரலாற்றிலும் அவரைப் பற்றி நிறையச் சொல்கிறார். நம்ம லைப்ரரியில் கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுங்க, த்ரில்லர் மாதிரி ஓடும்.

எங்க வல்லம், செஞ்சி பக்கத்துல திரௌபதி அம்மன் திருவிழா என்றால் தெருக்கூத்துதான். அங்கே பபூனுக்குப் பதில் கட்டியக்காரன், பாட்டு முறையும் வேற. சுவாமிகளின் மேடை தெற்கே வேர் விட்ட அளவுக்கு இங்கே விடவில்லை. ஆனா அவர் கண்ணை மூடினது நம்ம பக்கம். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துல புதுச்சேரி. வீக்எண்டில் பீச்சுக்கும் கஃபேக்கும் போகிற கூட்டத்தில் நாமும் இருக்கோம். அடுத்த தடவை போகும்போது கருவடிக்குப்பம் பக்கம் வண்டியைத் திருப்பி அரைமணி நேரம் ஒதுக்குங்க. ராஜபார்ட், பபூன், மாறுவேஷம், முறைப்பெண், கடைசிக் காட்சிக் கல்யாணம் என்று நாம் நேற்று ஓடிடியில் பார்த்த படம் வரைக்கும் வருகிற சங்கதிகளுக்கு வரிசை போட்டுக் கொடுத்த ஒருத்தர் அங்கே தூங்குகிறார்.